நின்கம்பூப் பட்டம் பெற்ற சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தாங்களும் அவ்வாறே இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கோபமாக இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். கோபம் உடம்புக்கு ஆகாது என்பதால் முதலில் அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

"அவங்க வீட்ல கோவமா இருக்காங்கப்பா. உங்க கையெழுத்துல ஒரு கடிதம் வரணுமாம். வந்தாத்தான் கல்யாணத்துக்கு வருவாங்களாம்" என்று என் மகள் நான்கு நாளைக்கு முன் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் சாப்பாட்டை ஒதுக்குகிற ஜாதி இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே மூன்று மணி நேரம் தொங்கிய அன்றைக்குக்கூட, லிஃப்ட் பெட்டியின் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டவள். அவளே சாப்பிடாமல் எழுந்தாள் என்றால் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். மாப்பிள்ளை வீட்டார் வராமல் நான் யாரைப் பார்த்து "வாங்க வாங்க" என்று கை கூப்புவது? ஆகவே மறு நிமிடமே சட்டையை மாட்டிக்கொண்டு போய் நல்ல வெள்ளைத்தாள் ஒரு கட்டு வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்ட முதல் மனிதர் தாங்கள்தான். உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நான் முப்பத்தொரு வருடம் தையல் மிஷின் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். கடைசிப் பதினான்கு வருடம் தலைமை மெக்கானிக். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் யாராவது வழி கேட்டால் கையைக் காட்டத்தான் தெரியும். ஆனால் முட்டாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நாற்பத்திரண்டு எனக்கு அத்துப்படி. அவை எந்த ஊரில் பிறந்தன, என்ன யோக்கியதையோடு பிறந்தன, பிறகு யார் வாயில் விழுந்து கெட்டுப்போயின என்பதெல்லாம் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது எப்படி வந்தது என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும்.

எங்கள் முதலாளிக்கு மூக்கு நுனியில் கோபம். மிஷினைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களை முகத்துக்கு நேரே திட்டுவார். அவர்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு எதிர்த்த பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் யாரோ ஒருவர் மிஷினோடு சேர்த்து ஒரு பையை விட்டுவிட்டுப் போனார். உள்ளே தலையணை பருமனுக்கு ஓர் ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று சொல்கிற அகராதி. வருடம் ஒன்றாகியும் ஆள் திரும்பி வரவில்லை. முதலாளி அதைப் படித்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "இனிமே ஒருத்தனும் வாயால திட்டக்கூடாது. அட்டையில திட்டுங்க. அதையும் அவங்களுக்குப் புரியாத மொழியில திட்டுங்க. ஆனா அர்த்தம் தெரியாம ஒரு சொல்லக்கூட எழுதக்கூடாது. அது அநியாயம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மிஷினிலும் கட்டுகிற அட்டையின் மூலையில் ஒரு சொல் ஏறியது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் முதலாளி அகராதியைப் பிரித்துத் தமிழில் சொல்வார், நாங்கள் ஆறு பேரும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வோம். ஒரு சொல்லுக்கு மூன்று நாள் சண்டை போட்டதும் உண்டு.

ஃபூல் என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? லத்தீனில் துருத்தி. உள்ளே வெறும் காற்று. ஊசியில் நூலே கோக்காமல் "தைக்கவே மாட்டேங்குது" என்று ஒரு மணி நேரம் பேசுகிறாரே, அவருக்கு அது. இடியட் என்றால் கிரேக்கத்தில் ஊர்க் காரியம் எதிலும் தலையிடாமல் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவன். பக்கத்து வீட்டிலேயே தையல்காரர் இருந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், தானே மிஷினைப் பிரித்து, சேர்க்கத் தெரியாமல் பையில் அள்ளிக்கொண்டு வருகிறவருக்கு அது. ஸ்டுப்பிட் என்றால் அடி வாங்கினவன் மாதிரி திகைத்து நிற்பது. பெல்ட் அறுந்ததும் கையைப் பிசைந்துகொண்டு ஒரு மாதம் நின்றவருக்கு அது. மோரான் என்ற சொல்லுக்கு மட்டும் எங்கள் பட்டறையில் இடம் கிடையாது. அது நூறு வருடத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிபுணர் மனிதர்களை அளந்து தரம் பிரிக்க உண்டாக்கிய சொல்லாம். "செஞ்ச காரியத்தத் திட்டலாம், பிறந்த பிறப்பத் திட்டக்கூடாது" என்று முதலாளி அந்தப் பக்கத்தையே பசை போட்டு ஒட்டிவிட்டார். அப்பேர்ப்பட்ட இடத்தில் பழகினவன் நான். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று யாரையும் ஒரு சொல் சொல்லிவிட மாட்டேன்.

இப்போது அழைப்பிதழ் விஷயத்துக்கு வருகிறேன். யார் யாருக்கு அனுப்புவது என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதினேன். முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் விலாசம். மூன்றாவது கட்டம் எப்படி வந்தது என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. பெயர் எழுதிக் கோடு போட்டால் மூலையில் ஒரு சொல் எழுதிப் பழகிய கை. ஓய்வு பெற்றது நான்தான், என் கை இன்னும் ஓய்வு பெறவில்லை. இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்கும் ஒன்று விடாமல், ஒவ்வொருவரையும் மனசில் நிறுத்தி, நியாயமாக ஆராய்ந்து எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உறைமேல் ஒட்டும் விலாசச் சீட்டு அடிக்க அச்சுக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய தையல் மிஷின் மூலையில் தூசி படிந்து கிடந்தது. அதைப் பார்த்தபின் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படுமா? நான் குனிந்து பாபினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கடைக்கார அம்மா, "மூணாவது கட்டத்துல இங்கிலீஷ்ல இருக்கே, அதுவும் பேரோட வரணுமா?" என்று கேட்டார். "இருக்கறத அப்படியே போடுங்கம்மா" என்றேன். சிறிது நேரம் கழித்து, "இத்தன பேரு பட்டம் வாங்கினவங்களா உங்க சொந்தத்துல?" என்றார் ஆச்சரியமாக. நான் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "பெரிய குடும்பம்மா" என்றேன். இந்த இடத்தில் என் மேல் தப்பு எங்கே என்று தாங்களே சொல்லுங்கள். அந்த அம்மா ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்து, அழகான சாய்ந்த எழுத்தில் பட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நானும் மகளும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒட்டினோம். அவளுக்கு லிஃப்ட் நிறுவனத்திலிருந்து மாற்றி மாற்றி ஃபோன். எனக்குக் கண்ணாடி கைக்கு எட்டாத இடத்தில். மறுநாள் காலையில் எல்லாம் தபாலில் போய்விட்டது.

முதலில் வந்தவர் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கையில் உறை, மறு கையில் பூதக்கண்ணாடி. அவருக்கு நான் எழுதியிருந்தது டன்ஸ். அந்தக் காலத்தில் ஒரு மகா பண்டிதர் இருந்தார், அவர் பெயரின் பாதி அது. அவர் போய்ப் பல காலம் கழித்துப் புதுப் படிப்பு வந்தபோது, பண்டிதரின் வழி வந்தவர்கள் "எங்க ஆள் சொன்னதே போதும்" என்று முரண்டு பிடித்தார்கள். அதனால் அந்தப் பெயரே மண்டூகம் என்று ஆகிவிட்டது. "ஆக, படிச்சவங்களுக்கு மட்டுமே கொடுக்கக்கூடிய சொல் சார் இது, எல்லாருக்கும் கிடைக்காது" என்றேன். அவர் நம்பவில்லை. முதலாளி எனக்கு ஓய்வுப் பரிசாகக் கொடுத்த அகராதியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்து, "நீங்க சொன்னது சரிதான்" என்றார். எட்டாம் வகுப்பு படித்தவனிடம் தலைமை ஆசிரியர் சொன்னது, சம்பந்தி. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது என் மைத்துனர். அவருக்கு ஃபூல். ஃபோனில் கூப்பிட்டு, "எப்படி என்னை அப்படி எழுதலாம்" என்று ஆரம்பித்தார். நான் "துருத்தி" என்று சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. நாற்பது நிமிடம். நடுவில் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன், அவர் இன்னும் அதே வாக்கியத்தில் இருந்தார். தீர்ப்பு சரி என்பதற்கு இதற்கு மேல் சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. முடி வெட்டும் தம்பி மட்டும் சிரித்த முகமாக ஓடி வந்தான். அவனுக்கு நைஸ் என்று போட்டிருந்தேன். ஒரு காலத்தில் அதற்கு ஒன்றுமறியாதவன் என்று அர்த்தம். லத்தீனிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் நல்ல பேர் எடுத்துக்கொண்டு, இப்போது இனிமையானவன் என்று வந்து நிற்கிறது. "என்னைப் பத்தி இப்படி யாரும் சொன்னதில்ல சார்" என்று கண் கலங்கினான். நான் மூலத்துக்குப் போகவில்லை. எல்லாருக்கும் எல்லா உண்மையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

இதற்கெல்லாம் மேலாக, என்னோடு முப்பது வருடம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், நாங்கள் ஊசி என்று கூப்பிடுவோம், அவர் நேரில் வந்துவிட்டார். அவருக்கு இந்தப் பட்டங்களின் கதையெல்லாம் தெரியும். உறையை மேசை மேல் போட்டார். அதில் சில்லி என்று இருந்தது.

"ஏன்டா, இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்ததுக்கு எனக்கு வெறும் சில்லிதானா?" என்றார்.

"அதுக்கு ஆதியில பாக்கியசாலின்னு அர்த்தம்டா. அப்புறம் அப்பாவின்னு ஆச்சு, அப்புறம் ஐயோ பாவம்னு ஆச்சு, கடைசியிலதான் கிறுக்குன்னு ஆச்சு. உனக்கு நான் ஆதியத்தான் எழுதினேன்" என்றேன்.

"அத விடு. நின்கம்பூப் யாருக்குக் கொடுத்த?"

"சம்பந்திக்கு."

ஊசி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவ பாத்த ஆளுக்கா?" என்றார். அவர் குரல் உடைந்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

அவர் வருத்தம் ஏன் என்று தங்களுக்குப் புரிய வேண்டும். நின்கம்பூப் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய ஆட்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் லத்தீன் என்கிறார், இன்னொருவர் யாரோ ஒருவனுடைய பெயர் என்கிறார். மற்ற நாற்பத்தொரு சொல்லுக்கும் ஊரும் பேரும் சொல்கிற எங்கள் அகராதி இதற்கு மட்டும் "மூலம் தெரியவில்லை" என்று கையை விரித்துவிட்டது. ஆகவே, ஆராய்ந்து ஆராய்ந்து பார்த்தும் எந்த வகையில் சேர்ப்பது என்று பிடிபடாதவருக்கு மட்டுமே அதைக் கொடுப்பது என்று பட்டறையில் ஏகமனதாக முடிவு செய்தோம். முப்பத்தொரு வருடத்தில் இரண்டே இரண்டு அட்டையில்தான் அது ஏறியிருக்கிறது. ஊசி தனக்கு என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கள் பேக்கரிக்கு நான் மூன்று முறை வந்தேன். முதல் முறை முக்கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். தாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "மழை வரும்" என்றீர்கள். வெளியே வந்தேன், கொட்டியது. இரண்டாவது முறை கல்யாணச் செலவு, ஆள் கணக்கு என்று நான் எதை ஆரம்பித்தாலும், "அதெல்லாம் ஆயிடும்" என்று சொல்லி என் கையில் ஒரு பன்னைக் கொடுத்தீர்கள். எட்டு பன் ஆயிற்று. மூன்றாவது முறை, தையல் மிஷினுக்கு எண்ணெய்க்குப் பதிலாக வெண்ணெய் போடலாமா என்று கேட்டீர்கள். தாங்கள் விளையாட்டாகக் கேட்டீர்களா, நிஜமாகவே கேட்டீர்களா என்று தங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன், இரண்டு நாள் யோசித்தேன், துருத்தியும் பொருந்தவில்லை, மற்றதும் பொருந்தவில்லை. பேனாவை எடுத்தேன், இருப்பதிலேயே உயர்ந்த சொல்லை எழுதினேன். என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. தாங்கள் கோபப்படுவது நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் விஷயம் தெரிந்தபின்னும் கோபப்பட்டால் அது ஊசிக்குச் செய்கிற துரோகம்.

இவ்வளவும் நான் எழுதுவது என் பெண்ணுக்காக. பத்து வயதில் என் பட்டறைக்கு வந்து, ஆறு பேர் பார்த்துக் கைவிட்ட மிஷினில் ஒரு நூல் துணுக்கைக் கண்டுபிடித்து எடுத்தவள். இன்றைக்கு இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவள் குரல் கேட்டதும் அழுகையை நிறுத்துகிறார்கள். அவள் தங்கள் மகனைப் பார்த்துப் பிடித்துப்போய் என்னிடம் வந்து சொன்ன அன்று, அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது என் நோட்டால் அணைந்துபோனால் எனக்குத் தாங்காது. இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, பட்டத்தையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிட வேண்டும். தங்கள் அடுப்பும் கடையும் குறைவின்றிப் பெருகட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுகிற நேரத்துக்கு என் மகள் வேலை முடிந்து வந்தாள். கருவிப்பையைக்கூட இறக்கி வைக்காமல், நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா, மாமாவுக்குக் கோவமே இல்ல. அந்தச் சீட்ட உரிச்சு கல்லாவுக்கு மேல ஒட்டி வெச்சிருக்காரு. வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாராம்" என்றாள்.

"அப்ப கோவம் யாருக்கு?"

"அத்தைக்கு. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க பேப்பர் வாங்கக் கிளம்பிட்டீங்க. அப்புறம் யாரு கேட்டாலும், எழுதிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதேன்னு சொல்லிட்டீங்க."

"அவங்கள நான் ஒண்ணுமே எழுதலையே."

"அதான்பா. அவங்க பேரே இல்ல. அந்தக் கடையே அவங்க ஆரம்பிச்சது. நாலு அடுப்பையும் அவங்கதான் பாக்கறாங்க."

நோட்டை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு வரியிலும் ஒரு பெண் பெயர் கிடையாது. பட்டறையில் மிஷினை யார் தூக்கிக்கொண்டு வருகிறாரோ அவர் பெயரில்தான் அட்டை. தூக்கிவருவது புருஷன், தைப்பது மனைவி. அந்த வழக்கம் அப்படியே நோட்டுக்கு வந்துவிட்டது. புருஷன் இறந்து ஆறு வருடமான எதிர்வீட்டு அம்மாவுக்குக்கூட, இறந்தவர் பெயரிலேயே அழைப்பு போயிருக்கிறது, பட்டத்தோடு.

உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அழைப்பிதழையும் பிரிச்சுப் பாருங்க" என்றாள். பார்த்தேன். அழைப்பவர் என்ற இடத்தில் நான். மணமகள் இன்னாருடைய மகள் என்ற இடத்திலும் நான். மடித்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன், திருப்பியும் பார்த்தேன். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"அவங்களுக்காவது வரமாட்டேன்னு சொல்லி அனுப்ப ஒரு வீடு இருக்கு. நான் எங்கேர்ந்து சொல்லி அனுப்பறது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய் அடுக்கினாள்.

சம்பந்தி, மேலே எழுதியது எதையும் படிக்காமல் இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் தங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா, தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள். தங்கள் பெயரோடு புது அழைப்பிதழ் அடித்து நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்தக் கடிதம் இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தால் அதையும் பொறுத்துக்கொள்ளவும். இதே வீட்டில் இன்னொருவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அதை முதலில் எழுத வேண்டும்.